நியூ பெதஸ்தா: கரூ மலையடிவாரத்துச் சிற்றூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் கேப் டவுனைப் பார்ப்பார்கள், க்ரூகர் காட்டில் சிங்கம் தேடுவார்கள். நடுவில் கிடக்கும் கரூ என்னும் வறண்ட நிலத்தைக் கடக்கும்போது காரில் தூங்கிவிடுவார்கள். அந்தக் கரூவின் ஒரு மூலையில் நியூ பெதஸ்தா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு பேர்தான். அந்த ஊரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

கிழக்கு கேப் மாகாணத்தில். கிராஃப்-ரைனெட் என்ற பழைய நகரத்திலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். கடற்கரையில் இருக்கும் கெபெர்கா (முன்பு போர்ட் எலிசபெத்) நகரத்திலிருந்து காரில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வரும். என்9 நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பி, மலைகளுக்கு நடுவே இறங்கினால் பள்ளத்தாக்கில் மரங்கள் தெரியும். சுற்றிலும் காய்ந்த புதரும் கல்லும் இருக்க, திடீரென்று ஒரு பச்சைத் திட்டு. அதுதான் ஊர்.

சுற்றியுள்ள மலைத்தொடரின் பெயர் ஸ்னியூபெர்க். பனிமலை என்று அர்த்தம், குளிர்காலத்தில் உண்மையாகவே பனி விழும். அதில் மிக உயர்ந்த சிகரம் கோம்பாஸ்பெர்க், 2,502 மீட்டர். 1778ல் கேப் ஆளுநர் வான் பிளெட்டன்பெர்கோடு வந்த ராபர்ட் ஜேக்கப் கார்டன் என்ற ராணுவ அதிகாரி வைத்த பெயர் அது. ஊரில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் கூம்பு மாதிரி நிற்கும் அந்த மலைதான் கண்ணில் படும் என்றே சொல்லலாம்.

பெதஸ்தா என்றால் பைபிளில் வரும் குளமா?

அதேதான். யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில், ஐந்து மண்டபங்களோடு, நோயாளிகள் கரையில் காத்துக் கிடக்கும் குளம். டச்சிலிருந்து வளர்ந்த அங்கத்து மொழியான ஆஃப்ரிகான்ஸில் உச்சரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். தமிழ் பைபிளில் 'பெதஸ்தா' என்று இருப்பதால் நான் அப்படியே எழுதுகிறேன். நியூ என்றால் புதிய.

'ஓடும் நீரின் இடம்' என்று இந்தப் பெயருக்குச் சுற்றுலாக் கையேடுகளில் ஒரு விளக்கம் இருக்கும். ஊற்றும் வாய்க்காலும் உள்ள ஊருக்கு அது வசதியான விளக்கம்தான். சொல்லுக்கு வழக்கமாகக் கூறும் பொருள் 'இரக்கத்தின் வீடு'. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வருகிறது.

யார் உண்டாக்கிய ஊர்?

தேவாலயம். 1875ல் டச்சு சீர்திருத்தத் திருச்சபைக்காக, அய்ட்கெய்க் என்ற பண்ணை நிலத்தில் மனை பிரித்து உண்டான ஊர். கரூவில் இப்படிப் பல ஊர்கள் பிறந்தன. பண்ணைகளோ ஒன்றுக்கொன்று பல மைல் தூரம். கிராஃப்-ரைனெட் தேவாலயத்துக்கு மாட்டு வண்டியில் மலை இறங்கிப் போய்வர நாள் கணக்கில் ஆகும். அதனால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து, தண்ணீர் உள்ள பண்ணை ஒன்றில் தங்களுக்கென்று ஒரு சபையை ஏற்படுத்திக்கொள்வார்கள். சுற்றியுள்ள நிலத்தை மனைகளாக விற்றால் தேவாலயம் கட்டப் பணம் வந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாக்மால் எனப்படும் திருவிருந்து ஆராதனை நடக்கும். அப்போது பண்ணைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வண்டி கட்டி வந்து நாலைந்து நாள் தங்கும். ஞானஸ்நானம், கல்யாணப் பேச்சு, கடன் வசூல், துணி எடுப்பது, வம்பு பேசுவது எல்லாம் அந்த நாட்களில்தான். நம்மூர்க் கோயில் திருவிழாவை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதற்கென்றே ஊரில் சின்ன வீடு கட்டி, மற்ற நாட்களில் பூட்டி வைத்திருந்தவர்கள் பலர்.

1886ல் நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. இப்போது நிற்கும் பெரிய வெள்ளைத் தேவாலயம் 1905ல் வந்தது. கூரான கோபுரத்தோடு, இவ்வளவு சின்ன ஊருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் கட்டடம். வண்டிகள் நிறைந்து வழிந்த காலத்தின் கணக்குக்குக் கட்டியது.

அதற்கு முன்பு அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். 'வெற்று நிலத்தில் வெள்ளைக்காரர்கள் ஊர் அமைத்தார்கள்' என்கிற கதை பல இடங்களில் ஓடுகிறது, நம்ப வேண்டாம். சான் மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த மலை இது. அவர்கள் தீட்டிய ஓவியங்கள் இந்தப் பக்கத்துப் பாறைக் குகைகளில் இன்னும் இருக்கின்றன. ஆடு மாடு மேய்த்த கோய் மக்களும் இருந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சு மொழி பேசும் மேய்ச்சல்காரர்கள் மந்தைகளோடு ஸ்னியூபெர்குக்கு ஏறி வந்தார்கள். வேட்டை மிருகங்கள் விலகின, ஊற்றுகள் பறிபோயின. சான்கள் மந்தைகளைத் தாக்கினார்கள். அதற்குப் பதிலாக 1774ல் எல்லைப்புறம் முழுக்க ஒரு பெரும் படை கிளம்பியது. அந்தப் படையே எழுதிக் கொடுத்த கணக்கின்படி 503 சான்கள் கொல்லப்பட்டார்கள், 241 பேர் பிடிக்கப்பட்டார்கள். பிடிபட்டவர்களும் குழந்தைகளும் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்குப் போனார்கள். அப்படியும் சண்டை ஓயவில்லை, சில காலம் குடியேறிகளே பண்ணைகளைப் போட்டுவிட்டு மலையிறங்கினார்கள். தேவாலயம் வந்தது இதற்கு நூறு வருஷம் கழித்து.

இன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஆஃப்ரிகான்ஸ் பேசும் 'கலர்ட்' சமூகம்தான் (கலப்பு வம்சாவளியினருக்கு அந்த நாட்டில் வழங்கும் பெயர்) பெரும்பான்மை. அவர்களில் பலர் அந்தச் சான், கோய் மக்களின் வழி வந்தவர்கள்.

வறண்ட நிலத்தில் பச்சை எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மலையிலிருந்து வரும் ஊற்று நீரை வாய்க்கால் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். தெருவோரமாக, ஒவ்வொரு மனையின் முன்னாலும் அந்த வாய்க்கால் ஓடும். அதில் வரும் பாசன நீருக்கு ஆஃப்ரிகான்ஸில் லெய்வாட்டர் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று முறை உண்டு. நம்மூரில் 'இன்றைக்கு யார் முறை' என்று கேட்பார்களே, அதே முறை.

நேரம் வந்ததும் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு தெருவுக்கு வருவார். வாய்க்காலின் குறுக்கே பலகையைச் செருகி, தன் பக்கத்து மடையைத் திறந்துவிடுவார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் காய்ந்த சருகை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் தோட்டத்துக்குள் நுழையும். பேரி மரம், திராட்சை, காய்கறிப் பாத்தி என்று காலாலும் மண்வெட்டியாலும் வழி மாற்றி மாற்றி விடவேண்டும். நேரம் முடிந்தால் மடையை அடைத்துவிட வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். நடு ராத்திரி முறை விழுந்தால் டார்ச்சோடு எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் மொழி தெரியாமலே முதல் நாளே சண்டையில் கலந்துகொள்வார்.

இந்த மாதிரி ஊர்களில் தண்ணீர் உரிமை என்பது மனையோடு ஒட்டியது. மனையை வாங்கினால் முறையும் வரும். ஆக, பழைய மனைக்கட்டுக்குள் யார் இருந்தார்கள், வெளியே யார் இருந்தார்கள் என்பது தோட்டங்களைப் பார்த்தாலே தெரியும்.

ஊர் ஏன் பெரிதாக வளரவில்லை?

கார் வந்தது ஒரு காரணம். காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றான பிறகு ஊரில் தங்கும் வீடு எதற்கு? கிராஃப்-ரைனெட் கடைகளுக்கே நேராகப் போய்விடலாம். 1930களின் பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து பண்ணைகளை அடித்தன. விற்றவர்கள் போனார்கள், வாங்கியவர்களின் பண்ணை பெரிதானது, குடும்பங்கள் குறைந்தன. ரயில் பாதையும் ஊரைத் தொடவில்லை. 1970களில் அது வயதானவர்களின் ஊராக, பாதி வீடுகள் பூட்டியபடி கிடந்தது.

'ஆந்தை வீடு' என்கிறார்களே, அது என்ன?

இன்றைக்கு இந்த ஊருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருவது அதற்காகத்தான். நம்மூரில் ஆந்தை வீட்டுக் கூரையில் உட்கார்ந்தாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கே ஒரு பெண் தன் வீட்டு வாசலிலேயே சிமெண்டில் ஆந்தைகளைச் செய்து உட்கார வைத்தார்.

ஹெலன் மார்டின்ஸ் 1897ல் இதே ஊரில் பிறந்தவர். ஆறு குழந்தைகளில் கடைசி. கிராஃப்-ரைனெட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்து, 1920ல் ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு நாடகத்தில் ஈடுபாடு, இவரும் மேடையேறினார். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார். அம்மா 1941ல் போனார், கண்டிப்புக்குப் பேர் போன அப்பா 1945ல். ஹெலனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கையில் பணமும் இல்லை.

ஒரு ராத்திரி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஜன்னல் வழியே நிலா வெளிச்சம் விழுந்ததாம். தன் வாழ்க்கை எவ்வளவு சாம்பல் நிறமாகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது என்பார்கள். வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஆரம்பித்தார். ஜன்னல்களை மாற்றினார், வண்ணக் கண்ணாடி பதித்தார், சூரியன் நிலா வடிவத்தில் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளை மாட்டினார். அப்புறம் பாட்டில்களை உடைத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் கை மிஷினில் போட்டுப் பொடித்து, அந்தப் பொடியைச் சுவரிலும் கூரையிலும் ஒட்டினார். ஊரில் அப்போது மின்சாரம் கிடையாது. சாயங்காலம் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் ஏற்றினால் வீடு முழுக்க மினுங்கும்.

அந்த வீட்டின் சாமான் அறையைப் பார்க்க வேண்டும். அலமாரியில் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஊறுகாய் இல்லை, நிறம் நிறமாகப் பிரித்துச் சலித்த கண்ணாடிப் பொடி. நம் வீட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் இருக்கிற மாதிரி.

வீட்டுக்குள் இடம் தீர்ந்ததும் கொல்லைக்கு வந்தார். 'ஒட்டக முற்றம்' என்று அழைக்கப்படும் அந்தக் கொல்லையில் 300க்கு மேற்பட்ட சிமெண்ட் சிற்பங்கள். ஒட்டகங்கள், ஆட்டிடையர்கள், ஞானிகள், பீர் பாட்டில்களால் பாவாடை கட்டிய பெண்கள். ஒட்டக ஊர்வலம் கிழக்குத் திசை பார்த்து நிற்கிறது. பைபிள், பாரசீகக் கவி உமர் கய்யாம், ஆங்கிலக் கவி வில்லியம் பிளேக் எல்லாம் அந்த முற்றத்தில் கலந்து கிடக்கிறார்கள். வேலி உயரத்தில் கம்பியை வளைத்து 'இது என் உலகம்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்.

ஊர்க்காரர்களுக்குப் பயமும் கேலியும் கலந்த பார்வை. தேவாலயத்துக்கு வராத கிழவி, ராத்திரி முழுக்க வெளிச்சம் போடும் வீடு. அரைத்த கண்ணாடி மெல்ல அவர் கண்களைக் கெடுத்தது. 1976 ஆகஸ்டில், 78வது வயதில், அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

எல்லாச் சிற்பங்களையும் அவரே செய்தாரா?

இல்லை. 'தனிமையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கற்பனை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது ரொம்பச் சுலபமாக இருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மெலிந்த, வயதான ஹெலனால் சிமெண்ட் குழைத்து ஒட்டகம் நிறுத்த முடியாது. ஆரம்பத்தில் ஜோனாஸ் ஆடம்ஸ், பீட் வான் டெர் மெர்வே என்ற இருவர் உதவினார்கள். 1964ல் கூஸ் மல்காஸ் சேர்ந்தார். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழில் தெரிந்தவர், கலர்ட் சமூகத்தவர். அவர் வந்த பிறகுதான் முற்றம் நிறைந்தது. ஹெலன் ஒரு படத்தையோ, அஞ்சலட்டையையோ காட்டுவார், மனதில் உள்ளதைச் சொல்லுவார். கம்பியை வளைத்துச் சிமெண்டைப் பூசி உருவம் எழுப்பியது மல்காஸின் கை. அவருக்கு அதற்கு முன் சிற்பப் பழக்கம் கிடையாது. பன்னிரண்டு வருஷம் இப்படி.

அது நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த காலம். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குள் கலர்ட் ஆண் ஒருவர் தினமும் போய்வருவதைப் பற்றி ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தார்கள். ஹெலன் இறந்தபின் மல்காஸ் ஊரை விட்டுப் போனார். 1991ல் சிதைந்துகொண்டிருந்த சிற்பங்களைச் சரிசெய்ய அவரைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்று வேறு யாருக்குத் தெரியும்? 2000ல் இறந்தார்.

நாடகம் ஒன்று உண்டு என்கிறார்களே?

தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அதோல் ஃபுகார்ட் எழுதிய 'மெக்காவுக்குப் போகும் பாதை', 1984ல் மேடையேறியது. ஹெலனை வைத்து எழுதிய கற்பனை. ஃபுகார்ட் இந்த ஊரில் வீடும் வாங்கினார். நாடகம் உலகம் சுற்றியபின்தான் மற்றவர்கள் வரைபடத்தில் ஊரைத் தேட ஆரம்பித்தார்கள். கலைஞர்கள் வந்தார்கள், பூட்டிக் கிடந்த வீடுகள் விலை போயின.

ஆற்றுப் படுகையில் டைனோசர் எலும்பு கிடைக்கிறதாமே?

எலும்பு உண்மை, டைனோசர் இல்லை. டைனோசர்களுக்கும் முந்திய உயிரினங்கள் அவை, வயது சுமார் 25 கோடி ஆண்டு. கோரைப்பல் வேட்டை மிருகங்களான கோர்கோனோப்சியன்கள், இரண்டு தந்தம் கொண்ட தழைத்தின்னிகளான டைசினோடான்ட்கள். ஊரோரம் ஓடும் (பெரும்பாலும் ஓடாத) காட்ஸ் ஆற்றின் கல் படுகையிலேயே அவற்றின் எலும்புகள் வெள்ளையாகத் தெரியும்.

இதிலும் ஓர் உள்ளூர்க் கதை. குரூனி கிட்சிங் சாலை போடும் மேஸ்திரி. வேலை நேரம் போக எலும்பு பொறுக்குவார், மகன்களையும் கூட்டிப் போவார். அதில் ஜேம்ஸ் கிட்சிங், கல்லூரிப் படிப்பு இல்லாமலே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் 1945ல் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் முனைவரும் ஆனார். 1970ல் அண்டார்டிகாவுக்குப் போய், கரூவில் பார்த்த அதே மிருகங்களின் எலும்பைப் பனிக்கு நடுவில் அடையாளம் கண்டார். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு நல்ல சாட்சி. அதில் ஒன்றான லிஸ்ட்ரோசாரஸ் நம் வங்காளத்து ராணிகஞ்ச் பக்கத்திலும் கிடைத்திருக்கிறது. ஊரில் அவர் பெயரால் 2005ல் திறந்த புதைபடிவ மையம் இருக்கிறது.

ஊரில் எல்லாரும் ஒன்றாகத்தான் வாழ்கிறார்களா?

இல்லை. ஊரை ஒட்டி பினார்சிக் என்று ஒரு குடியிருப்பு உண்டு. மக்கள்தொகையில் பெரும்பகுதி அங்கேதான். மரமும் வாய்க்காலும் அகலத் தெருக்களும் உள்ள பழைய ஊரில் ஆட்கள் குறைவு, நெருக்கமான சின்ன வீடுகள் உள்ள பினார்சிக்கில் அதிகம்.

இந்தப் பிரிவுக்கு ஊரை விட வயது அதிகம். திருச்சபை 1857லேயே, 'சிலருடைய பலவீனத்தின் பொருட்டு' வெள்ளையரல்லாதவர்கள் தனியாக வழிபடலாம் என்று தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்தவர் கிராஃப்-ரைனெட் போதகர் ஆண்ட்ரூ மரே. அவர் மகன் சார்ல்ஸ் மரேதான் இந்த ஊருக்குப் பெதஸ்தா என்று பெயர் சூட்டியதாகச் சொல்வார்கள். இரக்கத்தின் வீடு! பிறகு 1950ன் குழுவாரிப் பகுதிச் சட்டம் எந்த நிறத்தவர் எங்கே வாழலாம் என்பதைச் சட்டமாகவே ஆக்கியது.

2016 முதல் ஊர் டாக்டர் பெயர்ஸ் நௌடே நகராட்சியின் கீழ் இருக்கிறது. அதே திருச்சபையில் போதகராக இருந்து, நிறவெறியை எதிர்த்து 1963ல் சபைப் பதவியை விட்டு வெளியேறியவர் நௌடே. சிறு வயதில் வளர்ந்தது கிராஃப்-ரைனெட்டில்.

தெருவிளக்கு இல்லை, தார் ரோடு இல்லை என்பது உண்மையா?

ஊருக்குள் மண் தெருக்கள்தான், தெருவிளக்கும் கிடையாது. ராத்திரி வானம் அப்படிக் கொட்டிக் கிடக்கும். வருகிறவர்கள் இதை ரசிக்கிறார்கள், நானும்தான். ஆனால் இந்த 'மாறாத அழகு' பெரும்பாலும் காசும் வசதியும் வந்து சேராததன் மிச்சம். நட்சத்திரம் பார்க்க வந்தவருக்கு இருட்டு இரண்டு நாள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக 50 கிலோமீட்டர் வண்டி தேடும் பினார்சிக்காரருக்கு அது வருஷம் முழுக்க.

போனால் என்ன செய்யலாம்?

கிராஃப்-ரைனெட்டிலேயே பெட்ரோலும் கைப்பணமும் நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி போதும். குளிர்காலம் ஜூன், ஜூலை, கம்பளி அவசியம். கரி அடுப்புக் கம்பியில் சுடும் ரூஸ்டர்கூக் ரொட்டியைச் சூடாகச் சாப்பிடுங்கள். சைவம் என்றால் அதற்குள் வெண்ணெயும் ஜாமும். ஆட்டிறைச்சி ஊர் அது, சைவ வழக்கம் குறைவுதான்.

ஆந்தை வீட்டு வாசலில், உள்ளூர்க்காரர்கள் தாங்களே செய்த சின்னச் சின்னச் சிமெண்ட் ஆந்தைகளைப் பரப்பி விற்பார்கள். கண்ணுக்குப் பாட்டில் கண்ணாடித் துண்டு. அதிகம் பேரம் பேச வேண்டாம். கனமாக இருக்கும், விமானத்தில் எடை பார்த்துக்கொள்ளுங்கள்.